அளந்து வெட்டிய கம்பி

நுழையும்முன்...

கண்ணுக்குப் புலப்படாத அலைகளை நம்பிப் பறக்கிறது மாதிரி வானூர்தி. தரையில் நிற்பவரின் விரலசைவை வானில் செல்லும் ஊர்திக்குக் கொண்டு சேர்ப்பது, ஒரு சாணுக்கும் குறைந்த செம்புக் கம்பி. அக்கம்பியை ஏன் அளக்க வேண்டும், எப்படி வெட்ட வேண்டும், எத்திசையில் பொருத்த வேண்டும் என்பவற்றை அறிந்தவருடைய ஊர்தியே நெடுந்தொலைவு சென்று பத்திரமாகத் திரும்புகிறது. அவ்வறிவைப் படிப்படியாக விளக்குகிறது இப்பாடம்.

இரு கரைகள்

2003 ஆம் ஆண்டு ஆகஸ்டு 9 அன்று, கனடாவின் கிழக்கு எல்லையான நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் கேப் ஸ்பியர் முனையிலிருந்து ஒரு சிறு வானூர்தி எழுந்தது. அதில் மனிதர் எவரும் இல்லை. இறக்கையின் நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டர், எரிபொருளோடு சேர்த்தும் அதன் எடை 5 கிலோகிராமுக்குக் குறைவு. எடை குறைந்த பால்சா மரத்தாலும் மெல்லிய நெகிழித் தாளாலும் அதனை உருவாக்கியவர் அமெரிக்கரான மேனார்டு ஹில். அப்போது அவருக்கு அகவை 77. கண்பார்வையும் செவித்திறனும் பெரிதும் குன்றிய நிலையிலும் அவர் தம் முயற்சியைக் கைவிடவில்லை. அதற்குமுன் அனுப்பிய ஊர்திகள் மறுகரை சேரவில்லை என்பதும் அவரைத் தளர்த்தவில்லை. இம்முறை அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவை 38 மணி 52 நிமிடத்தில் கடந்து, அயர்லாந்தின் கிளிஃப்டன் நகருக்கு அருகில் உள்ள மானின் கடற்கரையில் அது தரையிறங்கியது.

இவ்விரு கரைகளும் வானொலி வரலாற்றிலும் இடம்பெற்றவை. 1901 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்த வானொலிக் குறிப்பை மார்க்கோனி பெற்றதாக அறிவித்த இடம், அதே நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் சிக்னல் குன்று. 1907 இல் அவர் அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் இணைக்கும் வானொலிச் சேவையைத் தொடங்கிய நிலையம் கிளிஃப்டன் அருகில் இருந்தது.

மேனார்டு ஹில்லின் ஊர்தியை வழிமுழுவதும் மனிதர் இயக்கவில்லை. எழும்போது கேப் ஸ்பியரில் நின்றவரும், இறங்கும்போது அயர்லாந்துக் கடற்கரையில் நின்றவரும் வானொலி அலைகளின் துணையால் அதனை இயக்கினர். இடைப்பட்ட நெடும்பயணத்தில் செயற்கைக்கோள் காட்டிய இடக்குறிப்பைக் கொண்டு அது தானே வழியறிந்து சென்றது. கரையிலிருந்து செல்லும் வானொலி அலை பெருங்கடலின் நடுப்பகுதி வரை ஊர்தியைத் தொடர முடியாது என்பதே அதற்குக் காரணம். அவ்வாறாயின், வானொலிக் கட்டுப்பாடு எவ்வளவு தொலைவு எட்டும்? அதனை நீட்டிக்க வழி உண்டா? இவ்வினாக்களுக்கான விடை, பெரிதும் விண்ணலைக்கம்பியில் அடங்கியுள்ளது. மக்கள் வழக்கில் அதனை ஆண்டெனா என்பர்.

இருமுனை ஆண்டெனா

மின்புலமும் காந்தப்புலமும் இணைந்து ஒளியின் வேகத்தில் அலையாகப் பரவும் என்பதைக் கணித வழியில் 1865 இல் வெளியிட்டவர் மேக்ஸ்வெல். அதனை ஆய்வகத்தில் மெய்ப்பித்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்ட்சு. கார்ல்சுரூ நகரில் 1887, 1888 ஆம் ஆண்டுகளில் அவர் செய்த ஆய்வுகளில் அலையைப் பரப்பிய கருவி மிக எளியது. நேர்க்கோட்டில் அமைந்த இரண்டு உலோகக் கம்பிகள். அவற்றின் நடுவே ஒரு சிறு இடைவெளி. அவ்விடைவெளியில் மின்பொறி தாவியபோது கம்பிகளிலிருந்து அலைகள் பரவின. இரண்டு கைகளையும் இருபுறம் நீட்டியது போன்ற அவ்வமைப்பே இன்று இருமுனை ஆண்டெனா எனப்படுகிறது.

நூற்றாண்டைக் கடந்த பின்னும் அதன் அடிப்படை மாறவில்லை. பரப்பியிலிருந்து வரும் மின்னோட்டம் கம்பியின் இரு கைகளிலும் நொடிக்குப் பலகோடி முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. அவ்வோட்டமே அலையாக வெளியேறுகிறது. மறுமுனையில் உள்ள ஏற்பியின் கம்பியை அவ்வலை தொடும்போது, அதில் அதே தாளத்தில் மிகச்சிறிய மின்னோட்டம் எழுகிறது. அனுப்பும் கம்பிக்கும் வாங்கும் கம்பிக்கும் வடிவத்தில் வேறுபாடு இல்லை. அனுப்பத் தகுந்த கம்பி வாங்கவும் தகுந்ததாகும்.

தெரிந்து தெளிவோம்

தொலைவிலிருந்து வானொலி அலையால் ஓர் ஊர்தியை இயக்க முடியும் என்பதை 1898 இல் நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்க அரங்கில் நிக்கோலா டெஸ்லா காட்டினார். நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகு அவருடைய கட்டளைக்கு ஏற்பத் திரும்பியது. நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ், 1890 களின் நடுப்பகுதியில் கொல்கத்தாவில் அலைகளின் துணையால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார்.

நீளத்தின் கணக்கு

ஊஞ்சலில் ஆடும் குழந்தையைத் தள்ளுபவர், ஊஞ்சல் தம்மிடம் திரும்பி வரும் நேரம் அறிந்து தள்ளினால் சிறு விசையிலேயே ஆட்டம் பெருகும். நேரம் தவறித் தள்ளினால் எவ்வளவு வலிமையும் வீணாகும். யாழ் நரம்பின் இசையை அதன் நீளம் வரையறுப்பதும் இத்தகையதே. கம்பியில் ஓடும் மின்னோட்டத்திற்கும் இவ்விதி பொருந்தும். ஒரு முனையை அடைந்து திரும்பும் மின்னோட்டம், அடுத்துவரும் உந்துதலோடு ஒத்துச் சேர வேண்டும். கம்பியின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும்போது இவ்வொத்ததிர்வு நிகழ்கிறது. எனவே இதனை அரை அலை இருமுனை ஆண்டெனா என்பர்.

அலைநீளத்தைக் கணக்கிடுவது எளிது. 300 என்னும் எண்ணை, மெகாஹெர்ட்சில் அளக்கப்பட்ட அதிர்வெண்ணால் வகுத்தால் மீட்டரில் அலைநீளம் கிடைக்கும். இந்தியாவில் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்த இசைவளிக்கப்பட்ட அலைவரிசைகளுள் ஒன்று 865 முதல் 868 மெகாஹெர்ட்சு வரையிலானது. அதில் 866 ஐ எடுத்துக்கொள்வோம்.

300 ÷ 866 = 0.3464 மீட்டர், அதாவது 34.64 செ.மீ.
அதில் பாதி 17.32 செ.மீ.

கணக்கு இத்துடன் நிறைவடைவதில்லை. கம்பிக்குத் தடிமன் உண்டு. அதன் நுனிகளில் மின்புலம் சற்றே வெளியே விரிகிறது. அதனால் மின்னோட்டத்திற்குக் கம்பி, அதன் உண்மையான நீளத்தைவிடச் சிறிது நீண்டதாகவே தோன்றும். அதனை ஈடுசெய்ய நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தல் வழக்கம்.

17.32 × 0.95 = 16.45 செ.மீ.
ஒரு கையின் நீளம் ஏறத்தாழ 8.2 செ.மீ.

ஒவ்வொரு கையும் 1 மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ ஒத்ததிர்வு ஏறத்தாழ 10 மெகாஹெர்ட்சு விலகும். ஒரு சென்டிமீட்டர் கூடிவிட்டால் 866 இல் பாட வேண்டிய நரம்பு 770 ஐ ஒட்டிப் பாடத் தொடங்கும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்னும் பழமொழி, காற்றில் விடும் அலைக்கும் பொருந்துகிறது.

அதிர்வெண் மாறினால் கம்பியின் அளவும் மாறும். முன்னாளில் மாதிரி வானூர்திகளுக்குப் பயன்பட்ட 27 மெகாஹெர்ட்சு அலையின் பாதி நீளம் ஐந்தரை மீட்டர். அவ்வளவு நீண்ட கம்பியைச் சிற்றூர்தியில் கட்ட இயலாது. எனவே குறுகிய கம்பியொன்றை வால்வரை இழுத்துக் கட்டிக் கிடைத்ததைக் கொண்டு நிறைவடைந்தனர். இன்று பரவலாக உள்ள 2,400 மெகாஹெர்ட்சு ஏற்பிகளில் வெளியே நீண்டிருக்கும் வெற்றுக் கம்பியின் நீளம் ஏறத்தாழ 3 செ.மீ. அது கால் அலைநீளம். 866 மெகாஹெர்ட்சு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கையால் அளந்து செய்யத்தக்க அளவும், இலை தழைகளை ஓரளவு ஊடுருவும் இயல்பும் அதற்கு உண்டு.

செய்முறை

இதற்குத் தேவையானவை எளிய பொருள்களே. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி, 50 ஓம் மின்எதிர்ப்புக் கொண்ட மெல்லிய கோ-ஆக்சியல் கேபிள், கேபிளின் மறுமுனைக்கேற்ற இணைப்பி, சிறு நெகிழித் துண்டு, சால்டரிங் கருவி, வெப்பத்தில் சுருங்கும் உறை ஆகியன போதும்.

முதலில், செம்புக் கம்பியில் எட்டரை சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்ட வேண்டும். கணக்கில் வந்த அளவைவிட மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வைப்பது வேண்டுமென்றே செய்வது. நீண்ட கம்பியைக் குறைக்கலாம். குறைந்த கம்பியை நீட்ட இயலாது.

இரண்டாவதாக, இரு துண்டுகளையும் நெகிழித் துண்டின்மேல் ஒரே நேர்க்கோட்டில் பொருத்த வேண்டும். நடுவில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். அவை ஒன்றையொன்று தொடலாகாது.

மூன்றாவதாக, கேபிளின் மேலுறையைச் சிறிதளவு நீக்கினால் உள்ளே பின்னல் வலையும், அதற்குள் காப்பிடப்பட்ட நடுக்கம்பியும் தெரியும். நடுக்கம்பியை ஒரு கையோடும், பின்னல் வலையை முறுக்கி மற்றொரு கையோடும் பற்றவைக்க வேண்டும். கருவியின் வெப்பம் மிகுந்தால் உள்ளிருக்கும் காப்பு உருகி, நடுக்கம்பியும் வலையும் ஒட்டிக்கொள்ளும். எனவே பற்றவைப்பை விரைந்து முடித்தல் நன்று. மாணவர் இதனை ஆசிரியர் உடனிருக்கச் செய்ய வேண்டும்.

நான்காவதாக, கேபிளை இரு கைகளுக்கும் செங்கோணத்தில், குறைந்தது 10 செ.மீ. வரை நேராகக் கொண்டு செல்ல வேண்டும். கையை ஒட்டியே கேபிளை வளைத்துக் கொண்டு சென்றால் பின்னல் வலையின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் ஓடும். அப்போது கேபிளும் ஆண்டெனாவின் ஒரு பகுதியாகி, அளந்த அளவு பொருளற்றுப் போகும். இணைப்பை அடுத்துக் கேபிளில் ஃபெரைட்டு மணி ஒன்றிரண்டைக் கோத்தால் அவ்வோட்டம் மேலும் தடுக்கப்படும்.

ஐந்தாவதாக, இணைப்பின்மேல் வெப்பத்தில் சுருங்கும் உறையைப் பொருத்தி, ஈரம் புகாமல் மூட வேண்டும்.

கேபிளின் நீளத்தைத் தேவைக்கு மேல் வைக்கலாகாது. இவ்வதிர்வெண்ணில் மெல்லிய கேபிள், மீட்டர் ஒன்றுக்கு ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வெப்பமாக விழுங்கிவிடும். அரிதின் முயன்று செய்த ஆண்டெனாவின் பயனை நீண்ட கேபிள் கெடுத்துவிடுதல் கூடும்.

ஒத்திசைவை அறிதல்

செய்து முடித்த ஆண்டெனா சரியான அதிர்வெண்ணில் இயங்குகிறதா என்பதைக் கண்ணால் காண இயலாது. அதற்கென நானோ வி.என்.ஏ. போன்ற கையடக்க அளவிகள் உள்ளன. ஆண்டெனா ஏற்றுக்கொள்ளாமல் திருப்பியனுப்பும் ஆற்றலை அவை நிலையலை விகிதம் என்னும் எண்ணாகக் காட்டும். அவ்விகிதம் 1 எனில் எதுவும் திரும்பவில்லை என்பது பொருள். 1.5 எனில் நூற்றில் 4 பங்கும், 2 எனில் 11 பங்கும், 3 எனில் 25 பங்கும் திரும்பி வருகின்றன.

நேராக நீட்டிய அரை அலை ஆண்டெனாவின் மின்எதிர்ப்பு ஏறத்தாழ 73 ஓம். கேபிளின் மின்எதிர்ப்பு 50 ஓம். இவ்வேறுபாட்டால் விகிதம் ஒன்றரையை ஒட்டி நிற்கும். இழப்பு நூற்றில் நான்கு பங்கே ஆதலால் இது குறையன்று. இரு கைகளையும் சற்றே சாய்த்து, கூரையின் இருபுறச் சரிவைப் போல அமைத்தால் மின்எதிர்ப்பு குறைந்து 50 ஐ நெருங்கும்.

அளவி காட்டும் மிகக்குறைந்த விகிதம் 866 க்குக் கீழுள்ள அதிர்வெண்ணில் அமைந்தால் கம்பி நீண்டிருக்கிறது எனலாம். இரு கைகளிலும் ஒரு மில்லிமீட்டர் மட்டும் நறுக்கி மீண்டும் அளக்க வேண்டும். நறுக்குதல், அளத்தல், மீண்டும் நறுக்குதல் என்னும் இவ்வொழுங்கில் பொறுமையே முதன்மைக் கருவி. ஒரு கையில் மட்டும் நறுக்குதல் கூடாது.

வடையும் குச்சியும்

இருமுனை ஆண்டெனா எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக அலையைப் பரப்புவதில்லை. நடுவில் துளையுள்ள உளுந்து வடையை ஒரு குச்சியில் கோத்ததாகக் கருதுவோம். குச்சியே கம்பி, வடையே அலை பரவும் வடிவம். கம்பியின் பக்கவாட்டுத் திசைகள் அனைத்திலும் அலை செறிந்து செல்கிறது. கம்பியின் இரு நுனிகளும் நோக்கும் திசைகளில் ஏறத்தாழ எதுவும் செல்வதில்லை.

தொடக்கநிலையில் உள்ளோர் பலர் தவறுவது இவ்விடத்தில்தான். கையில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஆண்டெனாவை, துப்பாக்கியால் குறி பார்ப்பதுபோல் வானூர்தியை நோக்கி நீட்டுகின்றனர். தொலைவில் செல்லும் ஊர்திக்கு அலை மிகுதியாகத் தேவைப்படும் வேளையில், அலை குறைந்த நுனியையே அதற்குக் காட்டுகின்றனர். ஆண்டெனாவின் நுனியன்று, அதன் பக்கமே ஊர்தியை நோக்கி இருத்தல் வேண்டும்.

ஊர்தியில் உள்ள கம்பிக்கும் இது பொருந்தும். கம்பியை உடற்பகுதியின் நீளவாக்கில் மூக்கிலிருந்து வால்நோக்கிப் பொருத்தினால், ஊர்தி குறுக்கே பறக்கும்போது இணைப்பு நன்றாக இருக்கும். ஆனால் அது நேராக விலகிச் செல்லும்போதும், திரும்பி இயக்குபவரை நோக்கி நேராக வரும்போதும் கம்பியின் நுனி அவரை நோக்கும். மிகத் தொலைவில், திரும்பும் தறுவாயில் இணைப்பு அறுந்து வீழ்ந்த ஊர்திகள் பலவற்றின் கதை இதுவே. கம்பியைச் செங்குத்தாக, வாலின் நிமிர்ந்த பகுதியில் பொருத்தினால் இவ்விடர் பெரிதும் நீங்கும்.

திசையின் ஒத்துமை

அலைக்கும் ஒரு நிலை உண்டு. செங்குத்தான கம்பியிலிருந்து வரும் அலையின் மின்புலம் மேலும் கீழுமாக அதிர்கிறது. கிடைமட்டக் கம்பியிலிருந்து வரும் அலையின் மின்புலம் இடவலமாக அதிர்கிறது. அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் ஒரே நிலையில் இருந்தால்தான் அலை முழுமையாகச் சேரும். ஒன்று செங்குத்தாகவும் மற்றொன்று கிடைமட்டமாகவும் இருந்தால், கிடைக்கும் ஆற்றல் நடைமுறையில் நூற்றில் ஒரு பங்காகவும் குறையக்கூடும்.

வானூர்தி ஓரிடத்தில் நிற்பதன்று. சாய்ந்து திரும்புவதே அதன் இயல்பு. செங்குத்தாக இருந்த கம்பி, ஊர்தி பக்கவாட்டில் சாயும்போது தானும் சாய்கிறது. அதனால்தான் நல்ல ஏற்பிகள் இரண்டு ஆண்டெனாக்களைக் கொண்டுள்ளன. அவற்றை ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பொருத்தினால், ஒன்று அலையை இழக்கும் நிலையில் மற்றொன்று அதனைப் பெறும். இரண்டையும் அருகருகே இணையாகக் கட்டிவைப்பவர், இரண்டின் பயனையும் இழக்கிறார்.

பொருத்தும் இடமும் கருதத்தக்கது. தெர்மாகோல், பால்சா மரம் ஆகியவற்றின் வழியே அலை தடையின்றிச் செல்லும். கரிமநார் மின்னைக் கடத்துவதால் அலையை மறைக்கும். மின்கலமும் மின்பொறியும் அவ்வாறே மறைக்கும். மின்பொறி இரைச்சலையும் எழுப்பும். எனவே கம்பியை அவற்றிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும்.

வலிமையா, அளவா?

தொலைவை நீட்டிக்க வேண்டுமெனில் பரப்பியின் திறனைக் கூட்டினால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் எவ்வளவு சரி என்பதைக் கணக்கு காட்டும். அலை பரவப் பரவ அதன் ஆற்றல் விரிந்து மெலிகிறது. தொலைவு இருமடங்கானால் கிடைக்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். அதனால் எட்டும் தொலைவை இருமடங்காக்கத் திறனை நான்கு மடங்காக்க வேண்டும். திறனை இருமடங்காக்கினால் தொலைவு நூற்றுக்கு 41 பங்கே கூடும்.

இதற்கு மாறாக, நூற்றில் ஒரு பங்கு அலையே பெறும் நிலையில் குறுக்காகக் கிடந்த கம்பியை நிமிர்த்திப் பாருங்கள். ஒரு ரூபாய்ச் செலவின்றி ஆற்றல் நூறு மடங்கு கூடுகிறது. எட்டும் தொலைவோ பத்து மடங்காகிறது. மின்கலத்தின் எடை கூடவில்லை; பிறருடைய அலைவரிசைக்கும் இடையூறில்லை. 865 முதல் 868 மெகாஹெர்ட்சு வரையிலான அலைவரிசையில் பரப்பியின் திறன் 1 வாட்டைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டின் விதி. திறனுக்கு விதி வகுத்த எல்லை உண்டு. அளவறிந்து செய்யும் நேர்த்திக்கு அத்தகைய எல்லை இல்லை.

அலையின் வழியில் தடையில்லாமையும் தேவை. அலை ஒரு மெல்லிய கோடாகச் செல்வதில்லை. நடுவில் பருத்த கதிர்க்கோல் போன்ற வெளியை நிரப்பிக்கொண்டு செல்கிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு, 866 மெகாஹெர்ட்சு அலையின் நடுப்பகுதியில் அவ்வெளியின் ஆரம் ஏறத்தாழ 9 மீட்டர். ஊர்தி கண்ணுக்குத் தெரிந்தாலும், இடையிலுள்ள தென்னந்தோப்பு அவ்வெளியைத் தடுத்தால் இணைப்பு மெலியும். பூமியின் வளைவும் ஓர் எல்லையை வகுக்கிறது. 120 மீட்டர் உயரத்தில் பறக்கும் ஊர்திக்கு அலையின் தொடுவானம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் அமையும். அட்லாண்டிக்கின் நடுவே மேனார்டு ஹில்லின் ஊர்தி தானே வழியறிந்து செல்ல வேண்டியிருந்ததன் காரணம் இதனால் விளங்கும்.

பறக்கும் முன்

மாதிரி வானூர்தி நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். இரண்டு நொடி இணைப்பு அறுந்தால், கட்டுப்பாடின்றி அது 30 மீட்டர் சென்றுவிடும். அந்த 30 மீட்டரில் வயலில் வேலை செய்பவர் இருக்கலாம், விளையாடும் குழந்தை இருக்கலாம், மின்கம்பி இருக்கலாம். ஆண்டெனாவில் நேரும் ஒரு சென்டிமீட்டர்ப் பிழை, யாரோ ஒருவரின் உயிருக்கு ஊறு செய்யும் பிழையாக மாறக்கூடும். எனவே பறக்கவிடும் முன் சில ஆய்வுகள் இன்றியமையாதவை.

ஆண்டெனாவை இணைக்காமல் பரப்பியை இயக்கலாகாது. வெளியேற வழியின்றித் திரும்பும் ஆற்றல் பரப்பியைப் பழுதாக்கும். குறைந்த திறனில் இயக்கி, ஊர்தியைத் தரையில் வைத்துவிட்டு நடந்து விலகிச் சென்று, கட்டளைகள் தவறாமல் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஊர்தியைப் பல நிலைகளில் சாய்த்தும் திருப்பியும் இச்சோதனையைச் செய்தல் வேண்டும். இணைப்பு அறுந்தால் மின்பொறி தானே நின்றுவிடும்படி ஏற்பியை முன்னரே அமைத்துவைக்க வேண்டும்.

இந்திய அரசின் 2021 ஆம் ஆண்டு டிரோன் விதிகள், கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படும் மாதிரி ஊர்திகளை இயக்குபவரின் கண்பார்வைக்குள்ளேயே பறக்கவிட வேண்டும் என வரையறுக்கின்றன. வான்பரப்பும் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுக்கப்பட்டுள்ளது. அலை 45 கிலோமீட்டர் எட்டும் என்பதற்காக ஊர்தியையும் அவ்வளவு தொலைவு அனுப்பலாம் என்பது பொருளன்று. தேவைக்கு மேல் எட்டும் இணைப்பே தேவையான தொலைவில் அறாமல் நிற்கும். நல்ல ஆண்டெனா தரும் பயன், நெடுந்தொலைவைவிட நம்பகமே ஆகும்.

நிறைவாக

ஹெர்ட்சின் ஆய்வகத்தில் மின்பொறி தாவிய இரு கம்பிகளும், மாணவர் ஒருவர் தம் மேசையில் அளந்து வெட்டும் இரு கம்பிகளும் ஒரே இனத்தவை. கடையில் வாங்கிய ஆண்டெனா பழுதானால் அதனைத் தூக்கி எறிவதே பெரும்பாலோர் வழக்கம். தானே செய்தவரோ பழுது எங்கே என்று அறிவார், மற்றொன்றும் செய்வார். அளவுகோல், பொறுமை, பிறருக்குத் தீங்கு நேரலாகாது என்னும் எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்த கையில், ஒரு சாணுக்கும் குறைந்த கம்பி வானை அளக்கும் கருவியாகிறது.

சொல்லும் பொருளும்

பரப்பி - வானொலி அலையை அனுப்பும் கருவி
ஏற்பி - வானொலி அலையைப் பெறும் கருவி
ஒத்ததிர்வு - புற உந்துதலோடு பொருந்தி அதிர்தல்
நிலையலை விகிதம் - ஆண்டெனா திருப்பியனுப்பும் ஆற்றலைக் குறிக்கும் எண்
தறுவாய் - வேளை
ஊறு - துன்பம், கேடு

கற்பவை கற்றபின்...

1. பத்து மாணவர்களின் வகுப்புக்குழு ஒன்று, இரு கம்பிகளையும் ஒரு வடையையும் கொண்டு ஆண்டெனாவின் அலைப்பரவலை விளக்கும் சிறு காட்சியை நடத்துக.
2. உங்கள் ஊரில் வீட்டு மாடிகளில் முன்பு இருந்த தொலைக்காட்சி ஆண்டெனாக்கள் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

பலவுள் தெரிக

1. 300 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணுள்ள அலையின் அரை அலைநீளம்
அ) 25 செ.மீ. ஆ) 50 செ.மீ. இ) 1 மீட்டர் ஈ) 3 மீட்டர்

2. இருமுனை ஆண்டெனாவில் அலை மிகக் குறைவாகப் பரவும் திசை
அ) பக்கவாட்டுத் திசை ஆ) கம்பியின் நுனிகள் நோக்கும் திசை இ) எல்லாத் திசைகளும் ஈ) வடதிசை

குறுவினா

1. கம்பியைக் கணக்கிட்ட நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வெட்டுவது ஏன்?
2. கேபிளைச் செங்கோணத்தில் கொண்டு செல்வதன் தேவை யாது?

சிறுவினா

1. ஊர்தி திரும்பி வரும்போது இணைப்பு அறுந்துபோவதற்கான காரணத்தையும் தீர்வையும் விளக்குக.
2. திறனைக் கூட்டுவதைவிடக் கம்பியின் நிலையைத் திருத்துவது சிறந்தது என்பதைக் கணக்கு வழி நிறுவுக.

நெடுவினா

"நல்ல ஆண்டெனா தரும் பயன், நெடுந்தொலைவைவிட நம்பகமே ஆகும்" - இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு ஆய்க.